புது கம்ப்யூட்டருக்கும் குத்தூசி போட்டுப் பாருங்கள்

மண்டிக்குப் போகிறோம். துவரம்பருப்பு நூறு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேல் மூட்டையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பருப்பு பளிச்சென்று இருக்கிறது. உடனே பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோமா? மாட்டோம். அடி வரிசையில் ஒன்று, நடு வரிசையில் ஒன்று என்று நாமே மூட்டையைத் தேர்ந்தெடுப்போம். குத்தூசி போட்டு உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்போம். இரண்டு பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்போம். அதன் பிறகுதான் விலையே பேசுவோம்.

இவ்வளவு விவரமான நாம், முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்துக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது என்ன செய்கிறோம்? விற்பவர் சுவிட்சைப் போடுகிறார். திரையில் படம் வருகிறது. "ஓடுது பாருங்க" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். மேல் மூட்டையை மட்டும் பார்த்துவிட்டுச் சரக்கு எடுத்த கதைதான் இது. எங்கள் கடையில் அந்தக் கதை எப்படி முடிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

எங்கள் கடையில் நடந்தது

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். ஆடி மாதம் கூட்டம் குறைவாக இருக்கும் சமயம் பார்த்து, பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வாங்கினோம். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஒரு குறையும் இல்லை. நல்ல பெட்டி அமைந்தது என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தோம்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு கல்லாவைச் சுற்றி நிற்க இடமில்லை. வந்திறங்கிய அட்டைப் பெட்டிகளை வைக்க வேறு இடமில்லாமல் கம்ப்யூட்டரின் முதுகை ஒட்டியே அடுக்கியிருந்தோம். காலை பதினொரு மணிக்குத் திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டோம், ஓடியது. அரை மணியில் மறுபடி நின்றது. இப்படியே இரண்டு நாள் ஒப்பேற்றினோம். இரண்டாம் நாள் மாலை கணக்கு ஃபைலே திறக்கவில்லை. கையில் இருந்த பேக்கப் மூன்று நாள் பழையது.

இரவெல்லாம் உட்கார்ந்து பில் நகல்களை வைத்து விற்பனையை மீண்டும் ஏற்றினோம். ஆனால் கடன் பாக்கிக்கு வந்த வரவுகளுக்கு நகல் கிடையாது. நெரிசலில் பணத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் பதிந்து, ரசீதை அச்சிட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம். நினைவில் இருந்தவற்றை எழுதினோம். இல்லாதவை விட்டுப்போயின.

தீபாவளி கழிந்து எங்கள் பையன் வசூலுக்குப் போனான். இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரரிடம் 18,400 ரூபாய் பாக்கி என்று கேட்டிருக்கிறான். அவர் அந்தப் பணத்தைத் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே கட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல பாக்கின்னு காட்டுது" என்று பையன் சொல்ல, அவர் கல்லாவைத் திறந்து நாங்கள் கொடுத்த ரசீதை எடுத்து நீட்டினாராம். "கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும் தம்பி. உங்க முதலாளி என்ன சொல்றாரு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அன்று மாலையே நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு பணம் கட்டும் ஒவ்வொரு முறையும், அச்சிட்ட ரசீதின் மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இருபது வருடமாக அவர் அப்படிக் கேட்டதில்லை.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. பிராசசர் மேல் இருக்கும் விசிறிக்கு நான்கு கால்கள். அதில் ஒன்று சரியாகப் பூட்டப்படவில்லை. இரண்டாவது, மெமரி பட்டையில் ஒரு மூலை பழுது. இரண்டுமே வாங்கிய அன்றைக்கே இருந்த குறைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றார் வந்து பார்த்த மெக்கானிக். ஆடி மாதத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு பில் போட்ட காலத்தில் அவை வெளியே தெரியவில்லை. விற்றவரிடம் போனால், "மூணு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு" என்றார். கடையில் மாற்றித் தரும் காலம் கடந்துவிட்டதால், மெமரியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கிய வாரத்தில் இரண்டு இரவு சோதித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதைச் செய்யாதது எங்கள் தவறு.

சும்மா ஓடுவது வேறு, பளுவில் ஓடுவது வேறு

ஒரு வேன் காலியாக ஓடுவதை வைத்து அதன் பலத்தைச் சொல்ல முடியாது. முழு லோடு ஏற்றி, மேட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதன் திறன் முழுவதையும் பல மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கி, சூடு எவ்வளவு ஏறுகிறது, கணக்கில் பிழை வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று பெயர். நாம் பளுச் சோதனை என்று வைத்துக்கொள்வோம்.

"பில் போடுவதற்கு என்ன பெரிய பளு?" என்று சிலர் கேட்கலாம். பில் மட்டும் என்றால் பளு குறைவுதான். ஆனால் கூட்ட நேரத்தில் பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் வைரஸ் சோதனை ஓடும், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், பேக்கப் எடுக்கும், மறுபக்கம் இ-வே பில் தளம் திறந்திருக்கும். விசிறி சரியாக உட்காராத பெட்டிக்கு இந்த அளவே போதும், திணறிவிடும்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? இன்றைய பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் வைத்த ஓர் உச்ச எல்லை உண்டு. பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். அந்த எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்று நாம் எரிச்சல்படும் நேரங்களில் சில, இப்படி வேகம் குறைந்த நேரமாக இருக்கலாம்.

சூட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. எட்டு வருடம் உழைக்க வேண்டியது நாலு வருடத்தில் படுத்துவிடுகிறது.

மெமரிப் பழுது இதைவிட மோசமானது, ஏனென்றால் அது சத்தம் போடாது. கம்ப்யூட்டருக்குள் எண்கள் எல்லாம் 0, 1 என்ற புள்ளிகளாக இருக்கின்றன. பழுதான மெமரியில் ஒரே ஒரு 0 தவறிப்போய் 1 ஆகிவிட்டால், 500 என்பது 1,524 ஆகிவிடக்கூடும். அந்த ஒரு புள்ளியின் மதிப்பு 1,024 என்றால் அவ்வளவும் கூடிவிடும். பெட்டி நிற்காது, மணி அடிக்காது. தவறான கணக்கு அப்படியே டிஸ்கில் எழுதப்படும். நாம் பேக்கப் எடுத்தால் அந்தத் தவறும் சேர்ந்தே போகும்.

பெரிய கம்பெனி என்றால் சோதிக்க வேண்டாமா?

"நல்ல கம்பெனி சாமான்தானே போட்டிருக்கிறது, எதற்குச் சோதனை?" என்று கேட்பவர்களுக்காகச் சில பழைய செய்திகள்.

1994-ல் இன்டெல் கம்பெனியின் பென்டியம் பிராசசர் சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவதை, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும். அந்தப் பிராசசர் 1.33374 என்றது. முதலில் இது பெரிய விஷயமில்லை என்ற கம்பெனி, பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்காக 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது.

2016 தொடக்கத்தில் அதே கம்பெனியின் ஸ்கைலேக் வரிசைப் பிராசசர்கள் சில கடினமான கணக்குகளில் உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. அதை வெளிக்கொண்டு வந்தது, பின்னால் நாம் சொல்லப்போகும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருள்தான். பயாஸ் புதுப்பிப்பு மூலம் குறை சரிசெய்யப்பட்டது.

2024-ல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போனதால் நாளடைவில் நிலையில்லாமல் போகும் குறை வெளிப்பட்டது. பயாஸ் புதுப்பிப்பு கொடுத்ததோடு, அவற்றின் உத்தரவாதத்தையும் கம்பெனி இரண்டு வருடம் நீட்டித்தது. இந்தத் தலைமுறைப் பெட்டி, அதிலும் பயன்படுத்திய பெட்டி வாங்குபவர்கள், பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உலகத்தின் பெரிய தொழிற்சாலையிலிருந்தே இப்படி வரும்போது, நான்கு கம்பெனிப் பாகங்களை ஒரு பையன் ஒரு மணி நேரத்தில் பூட்டிக் கொடுத்த பெட்டியை நாம் சோதிக்காமல் எடுப்பது சரியா?

இன்னொன்றும் உண்டு. எலெக்ட்ரானிக் சாமான்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு பருவங்களில். ஒன்று, புதிதாக வந்த முதல் நாட்கள். மற்றது, வயதாகித் தேய்ந்த காலம். நடுவில் உள்ள காலம் அமைதியாகப் போகும். ஆகவே முதல் வாரத்திலேயே முழுப் பளு கொடுத்தால், கெட வேண்டியது கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே கெட்டுவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்று நாள் சோதனை

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கீழே சொல்லும் மென்பொருள்கள் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. பெட்டி பூட்டிக் கொடுத்தவரையே ஏற்றித் தரச் சொல்லலாம், அல்லது காலேஜ் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சோதனை முடியும்வரை கணக்கை அதில் ஏற்றக் கூடாது. பழைய கம்ப்யூட்டரிலோ பில் புத்தகத்திலோ மூன்று நாள் வியாபாரம் நடக்கட்டும். அடுத்தது, சோதனை நம் கடையில், கம்ப்யூட்டர் உட்காரப்போகும் அதே இடத்தில் நடக்க வேண்டும்.

இடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், விசிறியால் பிராசசரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அது நிற்கும். விற்பவர் கடையில் ஏசி ஓடுகிறது, அறை 24 டிகிரி, முழுப் பளுவில் பிராசசர் 78 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறையைவிட 54 டிகிரி அதிகம். அதே பெட்டி சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி வெயிலில் நம் கடையில் ஓடினால்? 40-ம் 54-ம் சேர்ந்து ஏறக்குறைய 94 டிகிரி. அங்கே நல்ல சரக்காகத் தெரிந்தது இங்கே எல்லையைத் தொட்டு நிற்கிறது. மழைக்காலத்தில் வாங்கிச் சோதிப்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் பகல்: கண்ணால் பார்ப்பது. பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். விசிறியின் நான்கு காலும் பூட்டியிருக்கிறதா? லேசாக அசைத்தால் ஆடக் கூடாது. தனியாக வாங்கிய கூலர் என்றால், அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று கேளுங்கள். உரிக்காமல் பூட்டிய பெட்டிகள் உண்டு. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை பட்டாணி அளவு இருந்தால் போதும். வயர்கள் விசிறியில் உரசக் கூடாது. பாகங்களின் சீரியல் நம்பர்கள் பில்லில் எழுதியிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

முதல் நாள் இரவு: மெமரிச் சோதனை. இதற்கு மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள் உண்டு. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் வருவதற்கு முன்பே அதிலிருந்து கம்ப்யூட்டரை ஓடவிட வேண்டும். மெமரியின் ஒவ்வொரு அறையிலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்கும். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். கடை சாத்தும்போது போட்டுவிட்டுப் போனால், சாதாரணமாகக் காலையில் முடிந்திருக்கும். பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டை வேண்டாம். "ஒண்ணுதானே" என்பார்கள். பால் கேனில் ஒரு பல்லி விழுந்தால் ஒன்றுதானே என்று விடுவோமா?

இரண்டாம் நாள் பகல்: சூட்டுச் சோதனை. உச்சி வெயில் நேரமே சரியான நேரம். மாவு, மிளகாய்த்தூள் வாடையோடு, கதவு வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். பிரைம்95 மென்பொருளைப் போடுங்கள். இது பிறந்த கதை சுவையானது. மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக அமெரிக்காவில் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996-ல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டரை அதற்குக் கொடுத்தார்கள். ஒரு கணக்கு முடிய வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு பிழை வந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பெட்டியின் யோக்கியதையைப் பார்க்கும் 'டார்ச்சர் டெஸ்ட்' என்ற பகுதியும் அந்த மென்பொருளில் இருக்கிறது. விடை மாறினால் அதுவே சொல்லிவிடும். பகா எண் தேடியவர்களின் கருவி, இன்று உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் பூட்டுபவர்களின் குத்தூசியாகிவிட்டது.

அதில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சூடு அதிகமாக ஏறும். பக்கத்திலேயே ஹெச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற மென்பொருளைத் திறந்து வைத்துச் சூட்டைப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் பக்கத்தை விட்டு நகர வேண்டாம். சூடு ஏறி ஏறி ஓர் இடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். கடைகளுக்குப் போடும் சாதாரணப் பிராசசர் 80, 85 டிகிரிக்குள் நின்றால் திருப்தி. ஆரம்பித்த சில வினாடிகளிலேயே எல்லையைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். அரை மணியாகியும் ஏறிக்கொண்டே இருந்தால் பெட்டிக்குள் காற்று ஓட்டம் இல்லை என்று அர்த்தம். ஒரு விதிவிலக்கு: ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள் முழுப் பளுவில் 95 டிகிரி வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே, நம் பிராசசருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் இரவு: அதே மென்பொருளில் 'பிளெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து இரவு முழுவதும் விடுங்கள். இது பிராசசரையும் மெமரியையும் சேர்த்தே வேலை வாங்கும். கடையைப் பூட்டிவிட்டுப் போவதற்கு முன், பகல் சோதனையில் சூடு நிலைத்து நின்றதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். நிற்காத பெட்டியை ஆளில்லாத கடையில் ஓடவிடக் கூடாது. காலையில் வந்து பார்க்கும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பிழை என்று ஒரு வரியும் இருக்கக் கூடாது. தானாக அணைந்து மறுபடி தொடங்கியிருந்தால் தேறவில்லை.

மூன்றாம் நாள்: மற்ற உறுப்புகள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதியது என்று விற்ற டிஸ்கில் ஆயிரம் மணி நேரம் காட்டினால், அது எங்கோ ஓடிய பழைய சரக்கு. பிறகு யுபிஎஸ். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆன பிறகு, கம்ப்யூட்டர் முழுப் பளுவில் ஓடும்போதே யுபிஎஸ்ஸுக்கு வரும் கரண்டை நிறுத்துங்கள். பெட்டி அணையாமல், கணக்கை மூடி முறையாக நிறுத்தும் அளவுக்காவது தாங்க வேண்டும். கணக்கு ஏற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதால் இப்போதே செய்துவிடுங்கள். அதன்பின் பெட்டியைப் பத்து முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்போது எழுந்து, ஆறிய பிறகு எழாத பெட்டிகளும் உண்டு.

கடைசியாக பிரிண்டர், ஸ்கேனர், எலெக்ட்ரானிக் தராசு எல்லாவற்றையும் மாட்டி, பெயரளவுக்கு இருநூறு பில் போட்டுப் பாருங்கள். தீபாவளிக் கூட்டம் வந்தது போல் வேகமாகப் போடுங்கள். இதெல்லாம் தேறினால் கணக்கை ஏற்றலாம்.

தேறாவிட்டால்?

பதற வேண்டாம், ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி சோதிக்க வேண்டும். மெமரிப் பிழை என்றால் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள். எந்தப் பட்டை என்று தெரிந்துவிடும். சூடு என்றால் கூலரைக் கழற்றி, பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். சூடும் சரி, மெமரியும் சரி, ஆனால் பளு ஏறியதும் பட்டென்று அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். செலவைக் குறைக்கப் பலரும் கை வைக்கும் இடம் அதுதான்.

பிழை வந்த திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "சார், ஏதோ நிக்குது" என்று போவதற்கும், "இந்தச் சோதனையில் இத்தனை பிழை" என்று படத்தோடு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாங்கும்போதே, "மூன்று நாள் சோதிப்போம், தேறாத பாகத்தை மாற்றித் தர வேண்டும்" என்று பேசி, பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது உத்தமம். சரக்கை நம்புகிறவர் இதற்கு மறுக்க மாட்டார்.

"இப்படிப் பளு கொடுத்தால் நல்ல பெட்டியும் கெட்டுவிடாதா?" என்று கேட்பார்கள். சரியாகப் பூட்டிய பெட்டி ஓரிரு இரவுச் சோதனையைத் தாங்கும். எல்லை மீறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. அதற்காக வாரக்கணக்கில் ஓடவிட வேண்டியதில்லை.

மளிகைக் கடைக்குத் தனி எச்சரிக்கை

நம் கடைக் காற்றில் மாவு இருக்கிறது, மிளகாய், மஞ்சள் தூள் இருக்கிறது, சாக்கு நார் பறக்கிறது. விசிறி இவை எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, கூலரின் இடுக்கில் கம்பளி போலப் படிய வைக்கும். அன்று 75 டிகிரியில் தேறிய பெட்டி ஒரு வருடத்தில் 95 காட்டுவது இதனால்தான். ஆகவே பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்தில் வையுங்கள். பின்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள். தூசி படக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையை மூடியபடியே ஓட்டுவது போர்வை போர்த்தி அடுப்பில் உட்கார வைப்பதற்குச் சமம். சாமி படத்தின் ஊதுபத்தியும் சாம்பிராணியும் பெட்டிக்கு நேர் கீழே வேண்டாம். எலி, கரப்பான் புகாமல் பின்பக்கத் திறப்புகளை மூடி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெட்டியை அணைத்து, திறந்து ஊதிச் சுத்தம் செய்து, சூட்டுச் சோதனையை மட்டும் அரை மணி நேரம் மறுபடி போட்டு, சுவரில் எழுதி வைத்த பழைய எண்ணோடு ஒத்துப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு மாதம் முன்பு செய்வது நல்ல பழக்கம்.

சோதனையில் தேறிய பெட்டியும் என்றாவது ஒருநாள் கெடும். ஆகவே தினசரி பேக்கப் கட்டாயம். அதுவும் இரண்டு இடத்தில், ஒன்று கடைக்கு வெளியே. 2017 ஜூலை 1 முதல் நாம் ஜிஎஸ்டியின் கீழ் இருக்கிறோம். கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டுத் தரும்படி முறையான பேக்கப் இருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்பது அதிகாரியிடம் பதிலாகாது. இருபது வருட வாடிக்கையாளரிடமும் அது பதிலாகவில்லை என்பதை நாங்கள் கண்டுகொண்டோம்.

எங்கள் கடையில் இப்போது கடன் வரவுக்கு இரட்டை ரசீதுப் புத்தகம் மீண்டும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரும் ஓடுகிறது, கார்பன் தாளும் ஓடுகிறது. சென்ற முறை வாங்கிய பெட்டியை மூன்று நாள் சோதித்தோம். இரண்டாம் இரவில் மெமரிப் பிழை இரண்டு காட்டியது. மறுநாள் காலையே விற்றவர் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார். ஒரு இரவு மின்சாரச் செலவோடு முடிந்தது.

கல்லாவில் ஒட்டி வைக்க

1. கணக்கை ஏற்றும் முன் சோதனை. சோதனை முடிந்த பின்பே கணக்கு.
2. மெமரிச் சோதனை ஓர் இரவு. பிழை பூஜ்யம்.
3. சூட்டுச் சோதனை நம் கடையில், உச்சி வெயிலில். அறைச் சூட்டையும் சேர்த்து எழுதி வைக்கவும்.
4. பிராசசர், மெமரி இரண்டுக்கும் சேர்த்து இன்னோர் இரவு.
5. டிஸ்க் ஓடிய மணி நேரம், யுபிஎஸ், இருநூறு பில்.
6. தேறாவிட்டால் படம் எடுத்து, மாற்றித் தரும் நாட்களுக்குள் விற்றவரிடம்.
7. தினமும் பேக்கப், இரண்டு இடத்தில். கடன் வரவுக்குத் தாளிலும் ஒரு நகல்.

அடுத்த பண்டிகைச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன், உங்கள் கல்லாவில் இருக்கும் பெட்டிக்கும் ஒருமுறை குத்தூசி போட்டுப் பாருங்கள்.